அறுபத்து நாலில் பதினாலு

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

இந்தக் கடிதம் நான் ஆசைப்பட்டு எழுதுவதல்ல. உங்கள் வீட்டுக்காரர், அதாவது என்னோடு கூடப்பிறந்த அண்ணன், போன வாரம் போன் செய்து தீர்ப்பே சொல்லிவிட்டான். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எழுதுங்க. எழுதும்போதாவது ஒருத்தி பேச்சுல இன்னொருத்தி குறுக்க விழ முடியாது. இன்னொண்ணு, எல்லாத்தையும் நானும் படிப்பேன். பல்லு புடுங்கறவனுக்கும் புரியற மாதிரி இருக்கணும்." முப்பது வருஷமாக ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவன், நம் இரண்டு பேர் வாயையும் மூடிவிட்டான்.

சரி, எழுதுகிறேன். போன வருஷத்துச் சண்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. உங்கள் தொலைநோக்கி அலுவலகத்துக்கு அனுப்பிய படிவத்தில் ஒரு நட்சத்திரத்தின் பிரகாசத்தைத் தவறான அளவுகோலில் எழுதிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். (அண்ணா, இது உனக்கு: பிரகாசத்தை அளக்க எங்களிடம் பழைய அளவுகோல் ஒன்று, புதிய அளவுகோல் ஒன்று. அகச்சிவப்பு ஒளியில் ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு எண் சொல்லும். துணிக்கடையில் ஒருவர் கஜத்திலும் ஒருவர் மீட்டரிலும் அளப்பது போல.) பழைய பட்டியலில் இருந்த எண்ணை, புதிய அளவுகோல் கேட்ட இடத்தில் அப்படியே எழுதிவிட்டேன். நீங்கள் கண்டுபிடித்துத் திருத்தினீர்கள். அது உங்கள் வேலை. ஆனால் அந்தத் திருத்தத்தை என் குழுவின் பதினொரு பேருக்கும் அனுப்பித்தான் ஆக வேண்டுமா? "விண்ணப்பதாரர் அளவுகோலைக் கவனிக்கவில்லை." ஒரே ஒரு வரி. என் மாணவி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்காகப் போனில் நான் சொன்னது அதிகம்தான். மன்னிப்பு இப்போது கேட்கமாட்டேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் என் கோளுக்கு விண்வெளித் தொலைநோக்கியில் இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 19. ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் அது தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும். கடக்கப் பதினெட்டு மணி நேரம். நட்சத்திரத்தின் ஒளி அதன் காற்றின் ஓரத்தில் புகுந்து வரும் அந்த நேரத்தில் அதை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்தால், அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். இவ்வளவு தூரத்தில் சுற்றும் இவ்வளவு குளிர்ந்த கோளின் காற்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அடுத்த முறை கடக்கும்போது நான் வேலையில் இருக்கமாட்டேன். எனக்கு இப்போது ஐம்பத்தேழு. இந்த ஒரு முறைதான், அண்ணி.

எக்ஸ்போஷர் நேரம், அதாவது ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் ஒளி சேர்க்க வேண்டும் என்று, குறிக்கும் வேலை உங்கள் மேஜைக்கே வந்திருக்கிறதாம். நாத்தனார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தும், "தேர்வு முடிஞ்சாச்சு, இனி கணக்குதானே, கணக்குக்கு உறவு ஏது" என்று சொல்லிவிட்டார்களாம். சாமி வரம் கொடுத்துவிட்டது. இனிப் பூசாரி பாடு.

இப்படிக்கு,
அவசரக் குடுக்கை
(அண்ணன் வைத்த பெயர். நீங்களும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும்.)

*

பிப்ரவரி 20

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணனும் படித்தார். வாய் பற்றிய வரியை உரக்க இரண்டு முறை படித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திருத்தக் குறிப்பைக் குழு முழுவதுக்கும் அனுப்புவது இந்த அலுவலகத்தின் விதி. நான் வைத்த விதி இல்லை. ஆனால் நல்ல விதி. எண்ணை யாராவது மாற்றினால் எல்லாருக்கும் தெரிய வேண்டும். என்னை இங்கே ஜட்ஜம்மா என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். விசாரிக்காமல் ஒரு எண்ணையும் நான் வெளியே விட்டதில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுகூட.

நீங்கள் போனில் சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. "வானத்தைப் பார்க்க முடியாதவங்கதான் கணக்கு பார்க்க வருவாங்க" என்றீர்கள். நான் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டது உங்களுக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்று ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவர், நான் உங்களுக்கு அண்ணியாக வந்த நாளிலிருந்து "நீங்க" என்றே மரியாதையாகப் பேசுகிறவர், அந்த ஒரு வாக்கியத்தில் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்.

போகட்டும். வேலை.

எல்லா ரீடிங்கும் தனித்தனியாகக் கீழே வர வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது முடியாது. (இது உங்கள் அண்ணனுக்காக: டிடெக்டர் என்பது ஒளியை வாங்கும் தட்டு, அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாளி. ஒளி சொட்டுச் சொட்டாக விழுந்து நிரம்பும். நாங்கள் வாளியைக் கவிழ்க்காமலே நடுநடுவே எட்டிப் பார்த்து மட்டத்தைக் குறித்துக்கொள்வோம். அந்த ஒவ்வொரு பார்வையும் ஒரு ரீடிங். வாளி முக்கால் பாகத்துக்குச் சற்று மேலே வந்ததும் கவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவோம்; ஒரு கவிழ்ப்பிலிருந்து அடுத்த கவிழ்ப்பு வரை ஒரு எக்ஸ்போஷர். எத்தனை ரீடிங் வரை விடலாம் என்று சொல்வதுதான் என் வேலை. குறைத்தால் இரைச்சலில் எதுவும் தெரியாது. கூட்டினால் வாளி வழிந்துவிடும்; வழிந்த பிறகு எடுக்கும் ரீடிங்குக்கு அர்த்தமே இல்லை.) எல்லா ரீடிங்கையும் அனுப்பினால் தொலைநோக்கியின் பதிவுப்பெட்டி பத்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். எல்லாரும் பதினாறு ரீடிங்கைச் சராசரி போட்டு ஒன்றாகத்தான் அனுப்புகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அண்ணி

*

மார்ச் 6

அண்ணிக்கு,

நான் சொன்ன வாக்கியத்தை நீங்கள் திருப்பி எழுதிக் காட்டியபோது எனக்கே கூசியது. காகிதத்தில் பார்த்தால்தான் தெரிகிறது, எவ்வளவு அசிங்கம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. வரும்.

ரீடிங் விஷயத்தில் விடமாட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்த முயலுக்கு நிஜமாகவே மூன்று கால்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்தோம். விண்வெளியில் திரியும் ஏதோ ஒரு துகள் டிடெக்டரில் வந்து அடிக்கும், அந்த ஒரு ரீடிங் மட்டும் எகிறும். தனியாக இருந்தால் பொறுக்கி எறிந்துவிடலாம். பதினாறோடு சேர்த்துச் சராசரி போட்டு அனுப்பியிருந்தார்கள். அரைத்த மாவில் கல்லைத் தேடுகிற மாதிரி எட்டு மாதம் தேடினேன். கல் கிடைக்கவில்லை, கட்டுரையும் வரவில்லை.

அன்றே முடிவு செய்தேன். மாவாக வேண்டாம், தானியமாகக் கொடுங்கள், நான் பொறுக்கிக்கொள்கிறேன். பதினெட்டு மணி நேரமும், ஒவ்வொரு ரீடிங்கும்.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதீர்கள். அல்லது நினைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சத்தான் செய்கிறேன். போன வருஷம் நீங்கள் திருத்திய எண்ணில் எடுத்த நிறமாலை இருக்கிறதே, என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. கோபத்தில் அதை உங்களிடம் சொல்லவேயில்லை. என் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஜன்னல் ஒழுகிச் சுவர் ஊறும் இடம் அது. நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன்.

எக்ஸ்போஷர் கணக்குக்கான படிவத்தை, நட்சத்திரத்தின் பிரகாச எண்ணோடு, இன்று அனுப்பிவிட்டேன். இந்த முறை அவசரப்படவில்லை.

குடுக்கை

*

ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

கிடைத்துவிட்டது. பதினெட்டு மணி நேரமும், ஒவ்வொரு ரீடிங்கும்.

எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் அட்டவணை அறை மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத அறை. ஒரு சுவர் முழுக்கத் திரை. அடுத்த நான்கு மாதம் தொலைநோக்கி எந்த நிமிஷம் எங்கே பார்க்கும் என்று வண்ண வண்ணக் கட்டங்களாக ஓடும். அட்டவணைக்காரர் அந்தக் கட்டங்களைத் தன் பிள்ளைகள் மாதிரி காப்பவர். அவரிடம் போய், உங்கள் கடப்புக்கு முன்னால் பதிவுப்பெட்டி காலியாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் இருக்கும் பெரிய கட்டத்தை இரண்டு நாள் தள்ளுங்கள் என்றேன்.

"ஜட்ஜம்மா, நீங்களா இப்படிக் கேக்கறது? விதி விதின்னு எங்க உயிரை வாங்குறவங்க நீங்கதானே!"

"விதியில தள்ளக் கூடாதுன்னு இல்ல. காரணம் இருந்தா தள்ளலாம்னு இருக்கு."

"என்ன காரணம்? நாத்தனார்ங்கறதா?"

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. அப்போதுதான் உங்கள் விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை பதிவான, கோள் கடந்தபோது நட்சத்திர ஒளி குறைந்த ஒரு மங்கலை எடுத்துக்கொண்டு, வேறு யாரோ வேறு எதற்கோ பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்து மறந்துபோன பதிவுகளில் நாலாயிரத்தைப் புரட்டி, அதே மங்கலை மறுபடி கண்டுபிடித்திருக்கிறீர்களே, அந்தப் பக்கம். "இதைக் கண்டுபிடிக்க இவங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு. நமக்கு ஒரு கட்டத்தை நகர்த்த ஆறு நிமிஷம் ஆகுமா?" என்றேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு கட்டத்தை நகர்த்தினார்.

அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன், நாத்தனாரே. உங்களை அவசரக் குடுக்கை என்று யார் சொன்னது? இவ்வளவு பொறுமை எனக்குக்கூட இல்லை.

எண்களையும் முடித்துவிட்டேன். ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் எத்தனை ரீடிங் என்பது இறுதித் திட்டத்தில் வரும். படிவத்தில் சின்னச் சின்ன விஷயம் இருந்ததை நானே பார்த்துக்கொண்டேன், உங்களுக்குக் கேள்வி எதுவும் இல்லை. இந்த முறை யாருக்கும் குறிப்பு அனுப்பவில்லை. நிம்மதியாக இருங்கள்.

உங்கள் அண்ணி

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். பரீட்சைத் தாள்கள் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அட்டவணை அறைக் கதையை என் குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணிக்கு நம்ம குழுவுல ஒரு நாற்காலி போடுங்க" என்கிறாள் மாணவி.

இறுதித் திட்டம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் அறுபத்து நாலு ரீடிங்கா! நான் என் துண்டுக் காகிதத்தில் குத்துமதிப்பாகப் போட்டபோது பத்துப் பதினொன்றுதான் வந்தது. ஆனால் என் துண்டுக் காகிதம் எங்கே, உங்கள் கால்குலேட்டர் எங்கே. உங்கள் எண்ணைக் கேள்வி கேட்கமாட்டேன் என்று அண்ணனிடம் சத்தியம் செய்திருக்கிறேன். கேட்கவில்லை. மனதில் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர்வதற்குள் கடப்பு முடிந்திருக்கும். பத்தொன்பதாம் தேதி நான் அறையிலேயே இருப்பேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றாலும் இருப்பேன்.

குடுக்கை

*

ஜூன் 23

அன்புள்ள நாத்தனாருக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது முறை நேராகச் சொல்லிவிடுகிறேன். வாளி வழிந்துவிட்டது. வழியவிட்டது நான்.

நேற்று முன்தினம் தரவு கீழே வந்தபோதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பதினெட்டு மணி நேரமும் ஒவ்வொரு எக்ஸ்போஷரிலும் பெரும்பகுதி வழிந்த ஒளி. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நட்சத்திரம் அன்று திடீரென்று பொங்கியிருக்கும் என்று இங்கே பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டேன். இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. "பத்துப் பதினொன்றுதான் வந்தது" என்ற வரியைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அங்கேயே கணக்குப் போட்டேன். அறுபத்து நாலை உங்கள் பதினொன்றால் வகுத்தால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். அந்த ஐந்தரை எனக்கு மனப்பாடம். இரண்டு அளவுகோலுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் ஒளியில் சரியாக அத்தனை மடங்கு.

செருப்பைக்கூட மாற்றாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். படிவத்தைத் திறந்தேன். நீங்கள் எழுதிய பிரகாச எண்ணைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டேன். நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள். ஒழுங்காக, புதிய அளவுகோலுக்கு, இரண்டு தசமத்தானம் வரை சரியாக. அதை நான் மறுபடி ஒரு முறை மாற்றியிருக்கிறேன். எண் கூடினால் ஒளி குறைவு என்பது நம் துறையின் தலைகீழ் வழக்கமாயிற்றே. இரண்டு முறை கூட்டியதால், இருப்பதைவிட ஐந்தரை மடங்கு மங்கலான நட்சத்திரம் என்று கால்குலேட்டர் நம்பி, இன்னும் இரு, இன்னும் இரு என்று சொல்லிவிட்டது.

ஏன் பார்க்காமல் மாற்றினேன் என்று கேளுங்கள். நீங்கள் மாற்றியிருக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். போன வருஷம் மாற்றவில்லையே. இந்த முறை பதினொரு பேருக்குக் குறிப்பு அனுப்பி உங்களை மறுபடி அவமானப்படுத்த வேண்டாம், சத்தமில்லாமல் நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன். விதிப்படி குறிப்பு அனுப்பியிருந்தால் நீங்கள் ஒரே நிமிஷத்தில் "அய்யோ, நான் மாத்திட்டேனே" என்று கத்தியிருப்பீர்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு முறை விதியை மீறினேன், அதுவும் உங்களுக்காக. அந்த ஒரு முறை உங்கள் ஒன்பது வருஷத்தைக் கொட்டிவிட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெரியாது. மத்தியானமே என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். விண்ணப்பதாரர் பிழை இல்லை, என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எக்ஸ்போஷர் மேஜையிலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். "யோசிக்கலாம், உக்காருங்க" என்றார். உட்காரவில்லை.

ஒரே ஒரு விஷயம். சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. பதினாறு ரீடிங்கைச் சராசரி போட்டிருந்தால் முதல் சராசரியிலேயே வழிந்த ஒளி கலந்து எல்லாம் போயிருக்கும். நீங்கள் அடம்பிடித்து வாங்கியதால் ஒவ்வொரு ரீடிங்கும் தனித்தனியாக இருக்கிறது. வாளி வழிவதற்கு முன் எடுத்த முதல் பதினாலு ரீடிங் சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்போஷரிலும் அறுபத்து நாலில் பதினாலு. நான் கேட்ட ஒளியில் கால்வாசிகூட இல்லை. அது போதுமா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "ஒரே பல்லை ரெண்டு பேரு புடுங்கியிருக்கீங்க" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். நான் அழுதுவிட்டேன்.

அண்ணி

*

ஜூலை 30

என் அருமை அண்ணிக்கு,

ஐந்து வாரம் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. ஏதாவது கையில் இல்லாமல் எழுதப் பிடிக்கவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. தலைகால் புரியாத கோபம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்தினேன். சுவரில் நீங்கள் போன வருஷம் எடுத்துக் கொடுத்த நிறமாலை பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் கத்த முடியும்? பத்து நிமிஷம் கத்தினேன்.

அதற்குப் பிறகு ஒன்று உறைத்தது. எண்ணை மாற்றிவிட்டேன் என்று படிவத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை தெரியுமா? எழுதினால், "பாத்தியா, குட்டு வாங்கினப்புறம்தான் புத்தி வந்திருக்கு" என்று நினைப்பீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை அவசரப்படவில்லை என்று மட்டும் பெருமையாக எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றச் சும்மா இருந்தீர்கள், நான் என் வீம்பைக் காப்பாற்றச் சும்மா இருந்தேன். நாத்தனாரும் அண்ணியும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே சட்டியில் உப்புப் போட்டிருக்கிறோம். உங்கள் பங்கு பாதிதான் அண்ணி, முழுசையும் நீங்களே எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.

இப்போது பதினாலு ரீடிங் கதை. மாணவியும் நானும் ஒவ்வொரு எக்ஸ்போஷராக எடுத்து, ஐம்பது ரீடிங்கை வெட்டி எறிந்துவிட்டு, முதல் பதினாலை மட்டும் வைத்தோம். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் எக்ஸ்போஷர். வழிந்த ஒளி அடுத்த எக்ஸ்போஷரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருமல்லவா, அந்தக் கறையைக் கழுவவே மூன்று வாரம் ஆயிற்று. முதலில் வந்த நிறமாலைக் கோடு சொறி பிடித்த மாதிரி இருந்தது. "வேணாம் மேடம், இதுல ஒண்ணும் இல்ல" என்றாள் மாணவி. "பொறு, இன்னும் கழுவு" என்றேன். நான் யாரையாவது பொறுக்கச் சொல்வேன் என்று அண்ணன் கனவிலாவது நினைத்திருப்பானா?

போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. தாழ்வாரத்துக் காபி இயந்திரத்தில் யாரோ காசைப் போட்டுவிட்டு உதைத்துக்கொண்டிருந்த சத்தம்கூட நினைவிருக்கிறது. கோட்டில் ஒரு பள்ளம் தெரிந்தது. மீத்தேன் வாயு ஒளியை எங்கே உறிஞ்ச வேண்டுமோ அங்கே. சின்னப் பள்ளம்தான். நீங்கள் கேட்ட ஒளி முழுதும் கிடைத்திருந்தால் ஆளை விழுங்கும் பள்ளமாக இருந்திருக்கும். இருந்தாலும் பள்ளம் பள்ளம்தான். நான்கு விதமாகச் சோதித்துவிட்டோம், போகவில்லை. இவ்வளவு குளிர்ந்த, இவ்வளவு தூரத்துக் கோளின் காற்றை முதன்முதலாகப் பார்த்துவிட்டோம், அண்ணி. பார்த்தேவிட்டோம்! நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். மாணவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தப் பதினாலு ரீடிங்கும் என் அடத்தால் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அடம் என்னுடையது. அதற்காக ஜன்னல் இல்லாத அறையில், அத்தனை பேர் திரும்பிப் பார்க்க, காது சிவந்து நின்றது யார்? விதியைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவர் எனக்காக வாதாடினீர்களே. பிறகு செருப்பு மாற்றாமல் ஓடிப்போய், ஒளித்தால் யாருக்கும் தெரியாத தவறை அதே நாளில் எழுதிக் கொடுத்தீர்களே. நட்சத்திரம் பொங்கியது என்றே விட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன். அந்த வழிசலை நட்சத்திரத்தின் குணம் என்று நினைத்துத் தவறான கழுவலைக் கழுவி, பள்ளத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டிருப்பேன். உண்மையை நீங்கள் சொன்னதால்தான் எதை வெட்டுவது எதை வைப்பது என்று தெரிந்தது. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்திலேயே நின்று இதோ இங்கேதான் சறுக்கினேன் என்று கையைக் காட்டிய யானையை நான் பார்த்ததில்லை.

வார்த்தை வரும் என்று மார்ச்சில் சொன்னேன் அல்லவா, வந்துவிட்டது. வானத்தைப் பார்க்க முடியாதவர்கள் என்று சொன்னேன். அண்ணி, நான் பார்த்த வானம் முழுக்க நீங்கள் திறந்துவிட்ட நேரத்தில் பார்த்தது. ஒரு வாளியை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அதில் என்ன விழும் என்றும் தெரியும். என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் ஆராய்ச்சியை ஏன் விட்டீர்கள் என்று இருபத்தைந்து வருஷமாக நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சொல்லுங்கள்.

குழுவில் பதினொரு பேருக்கும் நான் ஒரு குறிப்பு அனுப்பிவிட்டேன். "விண்ணப்பதாரர் எண்ணை மாற்றியதைச் சொல்லவில்லை. சரிபார்த்தவர் மாற்றியதைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் இனிமேல் சொல்வார்கள்." உங்கள் மேலதிகாரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அந்த மேஜையை விட்டு நீங்கள் எழுந்தால் நான் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வேன் என்றும் எழுதியிருக்கிறேன். இந்த மிரட்டல் போதும் என்று நினைக்கிறேன்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒன்பது வருஷம் கழித்து அடுத்த கடப்புக்கு. இப்போதைய படிவம்தான், அதற்குள் பத்து முறை மாறிவிடும், பரவாயில்லை. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். ஆய்வுத் தலைவர் என்ற கட்டம் மட்டும் காலி. நான் அப்போது ஓய்வு பெற்றிருப்பேன். உங்களுக்கு அப்போது ஐம்பத்தொன்பதுதான். அந்தக் கோளை முழு ஒளியில் யார் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. பேனாவை எடுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

பள்ளத்தின் படத்தை உங்கள் அண்ணன் சட்டம் போட்டுத் தன் மருத்துவமனையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பல்லின் எக்ஸ்ரே என்று நினைத்துக்கொண்டு எந்தப் பல் என்று கேட்கிறார்களாம். "அது எங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்ச சொத்தை" என்கிறாராம்.

மேஜை என்னிடமே இருக்கிறது. உங்கள் மிரட்டலைப் படித்துவிட்டு என் மேலதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மாதத்திலிருந்து எல்லாப் படிவத்திலும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். "பிரகாச எண் மாற்றப்பட்டதா? யாரால்?" அலுவலகத்தில் அதற்கு நாத்தனார் கட்டம் என்று பெயர் வந்துவிட்டது. நான் வைத்த பெயர் இல்லை, அட்டவணைக்காரர் வைத்தது.

நான் ஆராய்ச்சியை ஏன் விட்டேன் என்று கேட்டீர்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்தது, நான்கிலும் பொய் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், பயந்துவிட்டேன். தவறு செய்துவிடுவேனோ என்று பயந்து, தவறே நடக்காத மேஜையைத் தேடி வந்தேன். மிச்சத்தை நேரில் சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்காததால் சொல்லிப் பழக்கமில்லை.

படிவத்தைச் சரிபார்த்தேன். பிரகாச எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "மாற்றியாகிவிட்டது, நான்தான் மாற்றினேன், அண்ணி தயவுசெய்து தொடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. தொடவில்லை.

தலைவர் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பதினெட்டு மணி நேரம், ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் பதினொரு ரீடிங். அந்தப் பதினெட்டு மணி நேரமும் நீங்கள் என் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஓய்வு பெற்றிருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்யுங்கள். உங்கள் அண்ணன் தடையை நீக்கவில்லை. நீக்க வேண்டாம், அவர் அன்று கடைக்குப் போயிருப்பார்.

உங்கள் அண்ணி